நாற்பத்தொரு கட்டைவிரல்கள்

“கொஞ்சம் காலைத் தூக்குங்க,” என்றார் தச்சர் ரெய்னோ.

கர்ட்டிஸ் ஹௌகன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். ரெய்னோ அளவு நாடாவை நாற்காலிக்கு அடியில் விட்டு எதிர்ச் சுவர் வரை இழுத்தார்.

“மூணு பேர் தாராளமா உக்காரலாம். அடுப்பு அந்த மூலையில. தண்ணி வாளி, நீங்க இப்ப உக்காந்திருக்கிற இடத்துல.”

“இந்த ரூம் இன்னும் என்னோடதுதான், ரெய்னோ.”

“உங்க வீட்டம்மா வேற மாதிரி சொன்னாங்களே.”

வீட்டம்மா கிரெட்சன் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். “மீன்பிடி தொறக்கிற சனிக்கிழமை வரைக்கும்தான் கெடு! மறந்துடாதே, கர்ட்டிஸ்!”

வருடா வருடம் ஏரிகளில் மீன் பிடிக்க அனுமதி தொடங்குகிற நாள் அது. கெடு என்றால் நிஜமாகவே கெடு. மே மாதத்திலும் ஏரிக்காற்று எலும்பைத் தேடிப் பிடிக்கிற அமெரிக்க ஊர் எங்கள் டுலூத். சூடாக வியர்த்து உட்கார ஒரு சௌனா இல்லாத வீட்டை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கிரெட்சன் வீட்டில் அதற்குத் தோதான அறை ஒன்றே ஒன்று. அந்த அறையில் ஒன்பது வருடமாக அவள் புருஷன் லூன் வளர்த்துக்கொண்டிருந்தான்.

லூன் என்பது எங்கள் ஏரிப் பறவை. ஆனால் கர்ட்டிஸ் வளர்த்தது அந்தப் பெயர் வைத்த ஒரு மென்பொருளை. வெப்சைட் கட்ட நினைப்பவர் அதை ஓட்டினால் மூன்றே மூன்று கேள்வி கேட்கும்: பெயர் என்ன, நிறம் என்ன, மொழி என்ன. பதில் சொன்னால் போதும், அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பிய புத்தம்புது வெப்சைட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். எங்கள் ஊரில் பழைய சோபாவை ‘இலவசம்’ என்று எழுதி வாசலில் போட்டால், காபி ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லூனை ஒன்பது வருடமாக ஒருவரும் தொடவில்லையோ என்று கர்ட்டிஸுக்குச் சந்தேகம். கிரெட்சனுக்குச் சந்தேகமே இல்லை.

“யாராவது ஒரே ஒரு ஆள் வந்து ‘லூன் எனக்கு வேணும்’னு கேக்கட்டும். ரூம் உனக்கு. இல்லேன்னா சௌனா,” என்று பனிக்காலத்திலேயே சொல்லிவிட்டாள். கர்ட்டிஸ் வீராப்பாகத் தலையாட்டினான். அன்றிலிருந்து தினமும் லூனின் இணையப் பக்கத்தைத் திறந்து, யாராவது வந்தார்களா என்று பார்த்தான்.

இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், மாமனார் வேறு வாயைக் கிளறியிருந்தார். மாமனார் ஆர்னி நைபெர்க் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

“என்ன மாப்ளே, அந்தப் பறவை முட்டை கிட்டை போட்டுச்சா?”

“எங்கே மாமா! அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பாக்கல. ‘ஏன்யா ஆட்டர் இல்லை’ன்னு திட்டறதுக்காவது ஒருத்தன் வந்தா சந்தோஷப்படுவேன்.”

“ஆட்டர்னா?”

ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவனை லூன் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கர்ட்டிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“வெப்சைட் கட்டறதுக்கு, ஊர்ல மத்தவங்க எழுதி வெச்ச சாமான் எல்லாம் வேணும் மாமா. போய் அதைத் தூக்கிட்டு வர எடுபிடி இருக்கே, அதுக்குப் பேர்தான் பேக்கேஜ் மேனேஜர். லூன் எப்பவும் பெலிக்கன்னு ஒரு பழைய எடுபிடியைத்தான் அனுப்பும். இப்ப ஆட்டர்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. ரொம்ப வேகம். ஊரே அது பின்னாடிதான் ஓடுது.”

“ஒரே கப்பல்ல ரெண்டு எடுபிடி ஆகாது மாப்ளே. ஒருத்தன் அடுக்கி வெச்சதை இன்னொருத்தன் கலைப்பான்,” என்று சொல்லிவிட்டு ஆர்னி, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். கிழவர் எதையும் காதில் வாங்கவில்லை என்று கர்ட்டிஸ் முடிவு கட்டினான்.

இப்போது, ரெய்னோ வாளி வைக்கும் இடத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, கணினி ‘டிங்’ என்றது.

ஒன்பது வருடத்தில் அது அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. தீ எச்சரிக்கை மணி என்று நினைத்து ரெய்னோ கூரையைப் பார்த்தார்.

லூனின் இணையப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. “ஐயா, தங்கள் லூனில் ஆட்டர் இல்லை. சேர்த்தால் மிக்க உதவியாக இருக்கும். நன்றி.”

அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். எங்கள் தொழிலில் ஒரு கோரிக்கை பிடித்திருந்தால் யாரும் மெனக்கெட்டு எழுதுவதில்லை, நிமிர்ந்த கட்டைவிரல் படத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போவோம். கைதட்டல், ஓட்டு, ஊர்வலம் எல்லாமே அந்தக் கட்டைவிரல்தான். கர்ட்டிஸ் பார்க்கப் பார்க்க அது இரண்டானது, ஐந்தானது, பதினாறானது. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

“கிரெட்சன்! கிரெட்சன்! இங்க வந்து பாரேன்!”

கிரெட்சன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். பெயர் பெயராக எண்ணிப் பார்த்தாள். சொன்ன சொல் தவறுகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை.

“ரெய்னோ,” என்றாள் பெருமூச்சோடு, “நாடாவைச் சுருட்டிக்கோங்க.”

“வட்டத்தை அழிக்கணுமா?”

“அது இருக்கட்டும்.”

லூனின் நிரலைப் பராமரிக்க கர்ட்டிஸோடு சேர்த்து மொத்தம் இரண்டே காவலர்கள். இன்னொருத்தி ஜினெட், கியூபெக்கில் இருக்கிறாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. தினம் திரையில் பார்த்துத் திட்டிக்கொள்வார்கள்.

“நாப்பத்தியோரு பேரா? ஒரே காலையிலயா? கர்ட்டிஸ், நீ ஏதாவது குடிச்சிருக்கியா?”

“நீயே போய்ப் பாரேன்.”

பார்த்தாள். அவள் குரலே மாறிவிட்டது. “எல்லாம் இன்னிக்குத் தொறந்த புதுக் கணக்கு. ஒரே இடத்துலேர்ந்து வர மாதிரி இருக்கு. இது தனித்தனி ஆளுங்க இல்ல, கம்பெனி. ஏதோ பெரிய கம்பெனி லூனை எடுத்துக்கப் போகுது!”

“எந்தக் கம்பெனி?”

“‘ஐயா, மிக்க உதவியாக இருக்கும்’னு எவன் எழுதுவான்? இன்ஷூரன்ஸ்காரன்தான்.”

கர்ட்டிஸுக்கு அது வேதவாக்காகப் பட்டது. அன்றைக்கே வேலையில் இறங்கினான். வேலை சின்னதுதான். லூனுக்கு நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்தான்: பெலிக்கனா, ஆட்டரா? சோதனைப் பதிப்பு என்று பெயர் வைத்து வெளியிட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே போய்க் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்தான். குப்பை வண்டி வருவது அடுத்த நாள் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் இன்னொரு டிங்.

“நான் ஒமாஹாவில் பல் மருத்துவர். பெயர் பென்னிமோர். பல வருடமாக லூன் பயன்படுத்துகிறேன். குறை ஒன்றும் இல்லாததால் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பல் மருத்துவர்கள் அத்தனை பேருக்கும் நான்தான் லூனை வைத்து வெப்சைட் கட்டித் தருகிறேன். அந்த மூன்று கேள்விக்கும் என் கணினி தானே பதில் சொல்லிவிடும். இன்றைக்கு நான்காவதாக ஒன்றைக் கேட்டுவிட்டு லூன் அசையாமல் நிற்கிறது. ஏன்?”

முந்தாநாள் வந்திருந்தால், கர்ட்டிஸ் அந்த டாக்டரை ஒமாஹாவுக்கே போய்க் கட்டிப்பிடித்திருப்பான். இன்று அவனிடம் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

“யாரு இந்த ஆளு, கல்யாண வீட்ல வந்து உப்பு கம்மிங்கறான்,” என்றான் ஜினெட்டிடம்.

“அவன் சொல்றதும் சரிதான். முகப்புலேயே ‘மூன்றே கேள்வி’ன்னு பெருசா போட்டு வெச்சிருக்கோம். நாலு கேட்டா பொய்யாயிடும். பழைய கேள்வில ஒண்ணைத் தூக்கு.”

“எதைத் தூக்கறது?”

“பேரைத் தூக்கு. பேர்ல என்ன இருக்கு? லூனே ஏதாவது ஒண்ணு வெச்சுக்கட்டும்.”

கர்ட்டிஸ் பெயர்க் கேள்வியைத் தூக்கினான். பெயருக்குப் பதிலாக எங்கள் ஏரி மீன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளும்படி லூனுக்குச் சொல்லிக் கொடுத்தான். மீன்பிடி தொறக்கிற சமயத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று ஓர் ஆசை.

ஒமாஹாவிலிருந்து பதில் வரத் தாமதமாகவில்லை. “எங்கள் ஊர் டாக்டர் ஹார்ப்பரின் பல் மருத்துவமனை வெப்சைட்டின் தலையில் ‘கெளுத்தி’ என்று எழுதியிருக்கிறது. காலையிலிருந்து நான்கு பேர் போன் பண்ணி வறுத்தது கிடைக்குமா என்று கேட்டுவிட்டார்கள். டாக்டர் ஹார்ப்பர் என்னோடு பேசுவதில்லை.”

கிரெட்சன் காபி கொண்டுவந்தபோது அதைப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவம்டா அந்த டாக்டர். இத்தனை பேர்ல அவர் ஒருத்தர்தான் நிஜமா எதையோ கட்டற மாதிரி இருக்கு.”

“அவர் ஒருத்தர். அந்தப் பக்கம் நாப்பத்தியோரு பேர். நீயே சொல்லு, எதைப் பாக்கறது?”

“அந்த நாப்பத்தியோரு பேர் என்னதான் கட்டறாங்க?”

“பெரிய இடம். வெளிய சொல்ல மாட்டாங்க.”

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்தொரு பேரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை வாயைத் திறந்தார்கள்.

“எனக்கும் வேண்டும்.”

“எனக்கும் வேண்டும். இங்கே நல்ல வெயில்.”

“வணக்கம். நான் பெர்னிஸ்.”

“இது போகிறதா?”

“போகிறது, ஹாவர்ட்.”

ஒருவர் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்திலேயே கத்தியிருந்தார்: “ஆட்டர் ஆட்டர் ஆட்டர்.”

கர்ட்டிஸும் ஜினெட்டும் ஒவ்வொரு வரியையும் எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள்.

“‘நான் பெர்னிஸ்.’ அவ்வளவுதான். இதுக்கு என்ன அர்த்தம்?”

“முதலாளியம்மா,” என்றாள் ஜினெட் உறுதியாக. “மேல போகப் போக சுருக்கமாத்தான் எழுதுவாங்க. ‘இது போகிறதா’ன்னா, லூன் வேலை போயிட்டிருக்கான்னு கேக்கறாங்க. கூட இருக்கறவர் நமக்காகப் பரிஞ்சு பேசியிருக்கார் பாரு. நல்ல மனுஷன் அந்த ஹாவர்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு.”

“வெயில்?”

“இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு வானிலைதான் சோறு.”

அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி அவர்களுடைய கூட்ட நேரம் என்று சுவரில் குறித்துக்கொண்டான் கர்ட்டிஸ். மற்ற நாட்களில் அவர்கள் மூச்சுகூட விடுவதில்லை. அவ்வளவு கட்டுப்பாடான கம்பெனி.

பெயர்க் கேள்வியைத் திரும்ப வைத்தான். ஆட்டர் கேள்வியை எடுத்தான். யாரையும் எதுவும் கேட்காமல், கணினியில் எந்த எடுபிடி இருக்கிறதோ அதை லூனே கண்டுபிடித்து அனுப்பட்டும் என்று மாற்றி எழுதினான். ‘என்ன அழகான யோசனை’ என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

பென்னிமோர் கணினியில் இரண்டும் இருந்தன. லூன் இரண்டையும் அனுப்பியது.

பெலிக்கன் போய்ச் சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கி, என்ன கொண்டுவந்தேன் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தது. ஆட்டர் வந்து பார்த்து, ‘இது யார் வேலை?’ என்று பட்டியலைக் கிழித்துவிட்டு, எல்லாவற்றையும் வெளியே வீசித் தானே புதிதாகக் கொண்டுவந்து அடுக்கியது. பெலிக்கன் திரும்பி வந்து பார்த்தது. மாமனார் சாப்பாட்டு மேசையில் சொன்னது அப்படியே நடந்தது, ஆனால் கர்ட்டிஸுக்கு அது ஞாபகம் வரவில்லை.

“என் கணினி காலையிலிருந்து ஊளையிடுகிறது,” என்று எழுதினார் பென்னிமோர். “நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்திருந்த ஒரு பெரியவர், அந்தச் சத்தம் தனக்கான டிரில் என்று நினைத்துக் கழுத்துத் துணியோடு தெருவில் ஓடிவிட்டார். அவருக்குப் பாதிப் பல்தான் அடைத்திருந்தேன்.”

“பேசாம பெலிக்கனை ஒழிச்சிடு,” என்றாள் ஜினெட். “எல்லாருக்கும் ஆட்டர்.”

ஒழித்தான். அப்போதுதான் தெரிந்தது, ஆட்டரைக் கணினிக்குக் கொண்டுவருவதற்கே பெலிக்கன்தான் வேண்டும் என்பது. பெலிக்கனைப் போய் ஆட்டரைக் கூட்டி வரச் சொன்னான். வந்த ஆட்டர் முதல் வேலையாகப் பெலிக்கனை வீட்டை விட்டுத் துரத்தியது. மறு வாரம் ஆட்டருக்கே புதுப் பதிப்பு வந்தது. அதைக் கொண்டுவரப் பெலிக்கன் இல்லை.

ஜினெட் திரையில் தலையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டையும் மேய்க்கறதுக்கு மேல ஒருத்தன் வேணும்.”

“அதாவது…”

“ஆமாம். நாமளே ஒரு பேக்கேஜ் மேனேஜர் எழுதணும்.”

இப்படியாக, இரண்டு மேனேஜர்களை மேய்க்க மூன்றாவதாக ஒரு மேனேஜர் பிறந்தது. அதற்கு ‘லூன்குஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். குஞ்சு யாரையும் சண்டை போட விடாது. எதைச் செய்வதற்கு முன்பும் அனுமதி கேட்கும். ஆட்டரை எழுப்பலாமா? பெலிக்கனுக்குச் சொல்லிவிட்டீர்களா? அது கோபித்துக்கொண்டால் என்ன செய்யட்டும்? நிஜமாகவா? மூன்று கேள்விக்குப் பேர் போன லூன் இப்போது முப்பது கேள்வி கேட்டது. முகப்பில் இருந்த ‘மூன்றே கேள்வி’ என்ற வாசகத்தை கர்ட்டிஸ் ‘மூன்றே வகைக் கேள்வி’ என்று திருத்தினான்.

இதற்கிடையில் கிரெட்சனுக்கு வேறு கவலை.

“கர்ட்டிஸ், அப்பாவைக் கவனிச்சியா?”

“ம்.”

“செவ்வாய்க்கிழமை ஆனா போதும், முகத்தை மழமழன்னு வழிச்சு, வாசனையெல்லாம் பூசிட்டு எங்கயோ கிளம்பிடறார். எங்கேன்னு கேட்டா, ‘சும்மா நாலு பேரைப் பாக்க’ங்கறார். வரும்போது பாட்டு முணுமுணுத்துட்டே வரார். சட்டைப் பையில டோனட் சர்க்கரை.”

“ம்.”

“பொம்பளை விஷயம் கர்ட்டிஸ்! அப்பாவுக்கு யாரோ இருக்காங்க!”

“எனக்கு நாப்பத்தியோரு பேர் இருக்காங்க, என்னை ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கறே?”

அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்தொரு பேரும் எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்குத் தாவியிருந்தார்கள். ஒருவர் இதயம் போட்டார். ஒருவர் பிறந்தநாள் கேக். பெர்னிஸ் ஒன்பது பனிமனிதர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். முதலில் விண்ணப்பம் போட்டவர் ஒரு பெரிய மீனையும் ஒரு பறவையையும் போட்டிருந்தார். கர்ட்டிஸ் அந்தக் கேக்கைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்பது வருடம் ஆளில்லாத வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவன் அவன். இன்று யாரோ ஒரு கம்பெனியே வந்து கேக் வைக்கிறது.

அதே நாள் பென்னிமோரிடமிருந்தும் வந்தது.

“லூன்குஞ்சு என்னிடம் ‘நிஜமாகவா?’ என்று கேட்டது. யோசித்துப் பார்த்தேன். இல்லை. இனி வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் நன்றாக இருந்தது, அதற்கு நன்றி. பல்லை இரண்டு வேளையும் தேய்க்கவும்.”

“போறார் பார்,” என்றாள் கிரெட்சன். “நிறுத்துடா அவரை.”

“ஒரு ஆளுக்காக ஒரு கம்பெனியை விட முடியுமா, கிரெட்சன்?” என்று சொல்லிவிட்டு, கர்ட்டிஸ் பென்னிமோருக்கு ஒரு கட்டைவிரல் போட்டு அனுப்பி வைத்தான்.

மீன்பிடி தொறக்கிற சனிக்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வந்தது. ஆட்டரும் குஞ்சும் சேர்ந்த முழுப் பதிப்பை வெளியிட கர்ட்டிஸ் தேர்ந்தெடுத்த நாள் அதுதான். கூட்டம் நடக்கும்போதே போய்ச் சேர வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து ஆஹா என்று சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தான். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டான். பெர்னிஸ் அம்மையார் திரையில் தோன்றிப் பேசினாலும் பேசலாம்.

பத்து மணி அடித்ததும் பொத்தானை அமுக்கினான். லூனின் பக்கத்தில் எழுதினான்: “நீங்கள் கேட்ட ஆட்டர் இதோ. உங்கள் நாற்பத்தொரு பேருக்காகவே செய்தது. என்றும் உங்கள் கர்ட்டிஸ்.”

காபியைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் எண்ணிக்கையைப் பார்த்தான்.

நாற்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். முப்பத்தேழு.

“ஜினெட்! போறாங்க! போறாங்க!”

“யாரு போறாங்க?”

“எல்லாரும்! முப்பத்தியொண்ணு! ஜினெட், இருபத்தெட்டு!”

“ஏதோ உடைஞ்சிருக்கு! திரும்ப எடு! பழைய பதிப்பைப் போடு!”

திரும்ப எடுத்தான். பழையதைப் போட்டான். இருபது.

“ஐயோ, பழசைப் பாத்துக் கோபம் வந்துடுச்சு போல! புதுசையே போடு!”

புதியதைப் போட்டான். பதினான்கு.

“குஞ்சைக் கொல்லு!”

குஞ்சைக் கொன்றான். பதினொன்று.

“மன்னிப்புக் கேளு, கர்ட்டிஸ்! முட்டி போட்டுக் கேளு!”

“மரியாதைக்குரிய நண்பர்களே, என்ன தவறு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடனே திருத்துகிறேன். ஹாவர்ட், நீங்களாவது சொல்லுங்கள்,” என்று எழுதினான். அனுப்பியதும் ஹாவர்டின் பெயர் திரையில் அழிந்து, அந்த இடத்தில் ‘முன்னாள் உறுப்பினர்’ என்று வந்தது. பிறகு ஒவ்வொரு பெயராக அப்படியே ஆனது. பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை முன்னாள் உறுப்பினர்கள். “முன்னாள் உறுப்பினர்: வணக்கம். நான் பெர்னிஸ்.”

கடைசியில் ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. முதன்முதலாக விண்ணப்பம் போட்டவருடையது. வெகு நேரம் அது தள்ளாடிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. கர்ட்டிஸ் திரையைத் தொட்டு, “நீயாவது இருப்பா,” என்றான்.

அதுவும் போனது.

ஜினெட் முன்னாள் உறுப்பினர்களை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, “கம்பெனி திவாலாயிருக்கும். இன்ஷூரன்ஸ்ல சகஜம்,” என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள்.

கிரெட்சன் வந்து பார்த்தபோது, புருஷன் இஸ்திரிச் சட்டையோடு, தரையில் சுண்ணாம்பு வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“என்னடா ஆச்சு?”

“அவங்களுக்கு லூன் பிடிக்கல, கிரெட்சன். நாப்பத்தியோரு பேர்ல ஒருத்தருக்குக்கூட பிடிக்கல. அந்த டாக்டரையும் தொரத்திட்டேன்.”

சௌனா கிடைக்கப்போகிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அவன் பக்கத்தில் வட்டத்துக்குள் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டாள்.

“யாருக்கு என்ன தெரியும், விடு. ரூமை நீயே வெச்சுக்கோ. நான் ரெய்னோவுக்குச் சொல்லிக்கறேன்.”

வாசல் கதவு திறந்தது. வாசனைத் தைலம் முன்னால் வர, ஆர்னி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கையில் ஒரு டோனட். தரையில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து நின்றார்.

“என்ன, ரெண்டு பேரும் இப்பவே சௌனால உக்காந்துட்டீங்களா? மாப்ளே, ஏன் முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? ஒரு மாசமா அந்தப் பறவைப் பக்கத்துல நல்ல கூட்டமாச்சே!”

கிரெட்சனுக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது.

“அதை விடுங்கப்பா. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஆனா வாசனை பூசிட்டு எங்கே போறீங்க? யாரு அந்தப் பொம்பளை?”

ஆர்னி டோனட்டை ஒரு கடி கடித்தார்.

“ஒரு பொம்பளையா? பெர்னிஸ், ஹாவர்ட், என்னையும் சேத்து நாப்பத்தியோரு கிழடுங்கம்மா, லைப்ரரியில கம்ப்யூட்டர் கிளாஸ்! மாப்ளே ஈ காக்கா கூட வரலைன்னு அழுதாரேன்னு, கட்டைவிரல் பாடத்துக்கு எல்லாரையும் அவர் பக்கத்துக்கே கூட்டிட்டுப் போனேன். இன்னியோட கிளாஸ் முடிஞ்சுது, கடைசிப் பாடமா கணக்கை எப்படி மூடறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க.”